எண்ணப்படாத ஆட்டங்கள்

எதையும் எண்ணிக் குறித்து வைப்பதில் ஆங்கிலேயர் வல்லவர். உதைபந்தாட்டமும் அவர்களுடைய கணக்குப் புத்தகத்திலிருந்து தப்பவில்லை. ஒரு வீரர் எந்தப் பருவத்தில் எந்தக் கழகத்துக்காக எத்தனை லீக் ஆட்டங்கள் ஆடினார், நாட்டுக்காக எத்தனை முறை களம் இறங்கினார் என்பனவெல்லாம் அவர்களது ஆண்டு நூல்களிலே கட்டங் கட்டமாக அச்சிடப்பட்டிருக்கும். அத்தகைய அட்டவணை ஒன்றை முதன்முதலாகப் பார்த்தபோது என் கண்கள் எண்களிலே நிலைக்கவில்லை. 1938–39 என்ற வரியின் கீழ் 1946–47 என்ற வரி இருந்தது. இடையில் ஒன்றுமில்லை. ஏழு பருவங்களை ஒரு வெள்ளை இடைவெளி விழுங்கியிருந்தது.

பல்லாண்டு காலம் மாணவருக்கு வரலாறு கற்பித்தவன் நான். இரண்டாம் உலக யுத்தம் எப்போது தொடங்கிற்று, எப்போது முடிந்தது, எத்தனை கோடி மக்கள் மாண்டனர் என்று வினாத்தாள்களிலே கேட்டிருக்கிறேன். விடைகளுக்குப் புள்ளியும் இட்டிருக்கிறேன். மாளாது மீண்டவர்களிடமிருந்து யுத்தம் எதை எடுத்துக்கொண்டது என்று ஒரு நாளாவது கேட்டேனா என்றால், இல்லை. அந்த வெள்ளை இடைவெளிதான் அக்கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தது.

அட்டவணைக்கு உரியவர் பிராங் ஸ்விப்ட். மன்செஸ்டர் சிட்டி கழகத்தின் கோல் காப்பாளர். யுத்தம் தொடங்கியபோது அவருக்கு வயது 25. லீக் ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது 32. உதைபந்தாட்டக்காரர் ஒருவரின் வாழ்விலே இவ்விரு வயதுகளுக்கும் இடைப்பட்ட காலம் எத்தகையது என்பதை ஆடியவர்கள் அறிவர். அறுவடைக்கு நிற்கும் வயலை வெள்ளம் கொண்டுபோவதைப் போன்றது அது.

கோல் காப்பாளர்மீது எனக்கு ஒரு தனிப் பரிவு உண்டு. அதன் காரணத்தை மறைப்பதற்கில்லை. பள்ளிப் பருவத்தில் இரண்டாண்டுகள் நானும் கோல் கம்பங்களுக்கிடையே நின்றவன். திறமையால் அல்ல, ஓட இயலாதவனை அங்கே நிறுத்துவது எங்கள் வழக்கம். நின்றுபார்த்தபோதுதான் அது எத்துணைத் தனிமையான இடம் என்பது தெரிந்தது. தினைப்புனத்துப் பரண்மீது நிற்பவனுக்காவது கவண் உண்டு, கூவுவதற்கு உரிமையும் உண்டு. கோல் காப்பாளனுக்கு இரண்டு கைகளே உள்ளன. முன்னணி ஆட்டக்காரன் பத்து வாய்ப்பைத் தவறவிட்டு ஒன்றிலே வென்றால் அவனைத் தோளில் சுமப்பார்கள். காப்பாளன் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால், அந்த ஒன்றைத்தான் வீடு வரை பேசிக்கொண்டு போவார்கள்.

இத்தனிமைக்கு ஸ்விப்டின் காலத்தவரான சாம் பாட்ரம் ஒரு சாட்சி. சார்ள்டன் கழகத்தின் காப்பாளர் அவர். 1937ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று இலண்டனிலே செல்சிக் கழகத்துடன் ஆட்டம். மூடுபனி மெல்ல மெல்ல மைதானத்தை மறைத்தது. பந்து தம் பக்கம் வராததைக் கண்ட பாட்ரம், தம்மவர்கள் மறுமுனையிலே எதிரியை நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று மகிழ்ந்து, பனிக்குள்ளே உற்றுப் பார்த்தபடி காவல் நின்றார். நெடுநேரத்தின் பின் பனியைக் கிழித்துக்கொண்டு ஓர் உருவம் வந்தது. பந்துடன் வரும் எதிரணியினன் அல்லன், ஒரு பொலிஸ்காரர். ஆட்டம் எப்போதோ கைவிடப்பட்டது, எல்லாரும் போய்விட்டார்கள், நீர் இங்கே என்ன செய்கிறீர் என்று கேட்டாராம் அவர். பாட்ரமே தம் நூலில் எழுதிவைத்த செய்தி இது. இரண்டே ஆண்டுகளில் இங்கிலாந்தின் கோல் காப்பாளர் அனைவருக்கும் ஏறக்குறைய இதே கதி நேரப்போகிறது என்பதை அப்போது யார் நினைத்தார்?

ஸ்விப்ட் 1913 டிசெம்பர் 26ஆம் நாள் லங்காஷயரின் கடற்கரை நகராகிய பிளக்பூலிலே பிறந்தார். கோடைகாலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து கடற்காற்று வாங்கும் நகரம் அது. தமையனார் பிரெட்டும் கோல் காப்பாளரே. உல்லாசப் பயணிகளைப் படகிலே ஏற்றிக் கடலைச் சுற்றிக்காட்டும் தொழிலிலும் தமையனுடன் தம்பி ஈடுபட்டதுண்டு. எரிவாயுத் தொழிற்சாலையிலே கற்கரி பார்க்கும் வேலையும் பார்த்தார். ஓய்வு நேரத்தில் அயலூரான பிளீட்வூட் கழகத்துக்கு ஆடினார். ஆறடி இரண்டங்குல உயரம். விரல்களை விரித்தால் ஒரு கையின் அகலம் ஏறக்குறைய ஓர் அடி. இவரைக் கண்ட மன்செஸ்டர் சிட்டி 1932இல் அழைத்துக்கொண்டது.

அழைத்துக்கொண்டதே தவிர, ஆட விடவில்லை. 1933ஆம் ஆண்டு சிட்டி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்குத் தெரிவாயிற்று. தம் கழகத்தின் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு ஸ்விப்ட் நண்பர் ஒருவரின் மோட்டார் சைக்கிளிலே மன்செஸ்டரிலிருந்து இலண்டன் சென்றார். சிட்டி எவர்ட்டனிடம் மூன்று கோல்களால் தோற்றது. தோல்வியைக் கண்ட இளைஞர் வந்த வழியே திரும்பினார். அடுத்த நத்தார் தினத்தில் டேர்பி கவுண்டிக்கு எதிராக அவருக்கு முதலாவது லீக் ஆட்டம் கிடைத்தது. அதிலும் தோல்விதான், டேர்பி நான்கு கோல் போட்டது. ஆயினும் இடம் பறிபோகவில்லை. 1934 ஏப்பிரல் 28ஆம் நாள், ஓராண்டுக்கு முன் பார்வையாளராக நின்ற அதே வெம்பிளி மைதானத்தில், சிட்டியின் கோலைக் காக்க இருபது வயது ஸ்விப்ட் நின்றார்.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். எதிரணி போட்ஸ்மவுத். தரை ஈரம். கையுறை அணிவதா, விடுவதா என்று ஸ்விப்டுக்கு ஒரே தயக்கம். எதிரணிக் காப்பாளரை எட்டிப் பார்த்தார், அவர் அணியவில்லை. அனுபவசாலி அணியாததை நாம் ஏன் அணிவது என்று தம்முடையவற்றை வலையோரம் வைத்துவிட்டார். முதற் பாதியிலே போட்ஸ்மவுத்தின் றதர்போர்ட் அடித்த பந்து ஸ்விப்டின் ஈர விரல்களைத் தடவிக்கொண்டு உள்ளே போயிற்று. கையுறை அணிந்திருந்தால் பிடித்திருப்பேன் என்று அவர் தம்மையே நொந்துகொண்டார். இடைவேளையில் வாடிய முகத்துடன் உட்கார்ந்திருந்த இளைஞரைப் பார்த்து, முன்னணி ஆட்டக்காரராகிய பிரெட் டில்சன், கவலைப்படாதே, அடுத்த பாதியில் நான் இரண்டு போட்டுவிடுகிறேன் என்று வெகு சாதாரணமாகச் சொன்னாராம். சொன்னபடியே செய்தும் காட்டினார். இப்படிச் சொல்பவர் உலகிற் பலர். செய்பவர் எத்தனை பேர்?

இரண்டாவது கோல் விழுந்தபோது ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. கோலின் பின்னால் அமர்ந்திருந்த படப்பிடிப்பாளர்கள் எஞ்சிய நேரத்தை ஸ்விப்டுக்கு உரக்கச் சொல்லத் தொடங்கினர். இன்னும் மூன்று நிமிடம். இன்னும் இரண்டு. இன்னும் ஒன்று. மத்தியஸ்தரின் ஊதுகுழல் ஒலித்தது. தொப்பியையும் கையுறைகளையும் எடுக்கக் குனிந்தவர் அப்படியே மயங்கித் தரையில் விழுந்தார். தெளிவித்து எழுப்பி அழைத்துச் சென்றார்கள். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் பதக்கத்தைக் கையில் கொடுத்து அன்பாகப் பேசினார். பின்னர் நலம் விசாரித்துத் தந்தியும் அனுப்பினார். வீரம் என்பது கல்லாக இருப்பது என்று எண்ணுபவர்கள் இந்த மயக்கத்தை ஒரு குறையாகக் கருதக்கூடும். எனக்கோ அவரை நெருக்கமாக்கியது இந்த ஒன்றுதான்.

அன்று சிட்டியின் நடுவரிசையில் ஆடியவர்களில் ஒருவர் ஸ்கொட்லாந்துக்காரரான மற் பஸ்பி. அவரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. இக்கதையின் முடிவிலே அவர் மீண்டும் வருவார்.

அதன்பின் ஸ்விப்ட் ஆட்டந் தவறுவது மிக அரிதாயிற்று. பந்தைப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு நடு மைதானத்துக்கு அப்பால் உதைப்பது அக்காலத்துக் காப்பாளர்களின் வழக்கம். ஸ்விப்டோ அதை ஒரு கையால் தூக்கி, தம்மவர் ஒருவரின் காலடியிலே விழும்படி நெடுந்தூரம் எறிவார். எதிரியின் தாக்குதல் முடிந்த கணத்திலேயே தம்மவரின் தாக்குதல் தொடங்கிவிடும். இன்று உலகெங்கும் காப்பாளர்கள் செய்யும் இதனை அன்று புதுமையாகச் செய்துகாட்டியவர் அவர். அத்துடன் பெரிய நகைச்சுவைக்காரர்; கோலின் பின்னால் நிற்கும் சனங்களோடும் எதிரணியினரோடும் வேடிக்கை பேசுவார்.

1936–37இல் சிட்டி லீக் சாம்பியன் பட்டத்தை வென்றது. அப்பருவத்தின் 42 ஆட்டங்களிலும் கோலில் நின்றவர் ஸ்விப்ட். மறு பருவம் நடந்ததோ ஒரு விந்தை. முதற் பிரிவின் 22 கழகங்களில் வேறெந்தக் கழகமும் போடாத அளவுக்கு, 80 கோல்களைப் போட்டும், சிட்டி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. சாம்பியனாக இருந்த கழகம் மறு ஆண்டே இறங்கியது அந்நாட்டு வரலாற்றில் அந்த ஒரு முறைதான். போட்டது நிறைய என்றால் விட்டதும் நிறைய. அதில் காப்பாளரின் பங்கு எவ்வளவு என்று வழக்காட நான் வரவில்லை.

இங்கிலாந்தின் தேசிய அணியில் ஸ்விப்டுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. முதலில் பர்மிங்ஹாமின் ஹரி ஹிப்ஸ் இருந்தார். அவருக்குப் பின், 1937 முதல், செல்சியின் விக் வூட்லி. இந்த வூட்லி தொடர்ச்சியாக 19 சர்வதேச ஆட்டங்கள் ஆடினார். அவற்றுள் கடைசி 1939 மே மாதம் ருமேனியாவின் தலைநகரில் நடந்தது. வூட்லி ஸ்விப்டைவிட மூன்று நாலு வயது மூத்தவர். அவர் விலகும் நாள் வரும், தமது முறை வரும் என்று ஸ்விப்ட் காத்திருந்தார். காத்திருப்பதில் நியாயமும் இருந்தது. காப்பாளர் கலை முதிர முதிரச் சிறப்பது.

1939 ஆகஸ்ட் 26ஆம் நாள் புதிய லீக் பருவம் தொடங்கிற்று. செப்டெம்பர் 3ஆம் நாள் யுத்தம் பிரகடனமாயிற்று. மக்கள் கூடும் இடங்கள் மூடப்பட்டன, லீக் நிறுத்தப்பட்டது, ஆடி முடிந்த சில ஆட்டங்களும் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. வீரர்களின் ஒப்பந்தங்கள் செயலற்றுப் போயின. வாரச் சம்பளக்காரர்கள் ஒரே வாரத்தில் வேலையற்றவர்களானார்கள்.

ஸ்விப்ட் மன்செஸ்டரிலே விசேட பொலிஸ் கொஸ்தாப்பலாகச் சேர்ந்தார். வீதிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது அவருடைய கடமை. முதல் நாளே சந்தியின் நடுவில் நின்று அந்தப் பெரிய கைகளை இப்படியும் அப்படியும் அசைத்திருக்கிறார். எல்லாத் திசையிலிருந்தும் வந்த வாகனங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அவிழ்க்க வழி தெரியாமல், அவற்றை அப்படியே விட்டுவிட்டு மெதுவாக நடந்துபோய்விட்டாராம்! பந்து ஒன்றாக வந்தால் பிடிக்கலாம். இத்தனை வந்தால் என்ன செய்வது? பின்னர் தரைப்படையிலே சேர்ந்தார்.

யுத்த காலத்தில் உதைபந்தாட்டம் முற்றாக நின்றுவிடவில்லை. மக்களின் மனத்தளர்ச்சியைப் போக்க அது வேண்டும் என்று அரசாங்கமே விரைவில் உணர்ந்தது. ஆனால் நடந்தது வேறு வகையான ஆட்டம். நெடும்பயணம் கூடாது என்பதால் பிரதேச வாரியாகப் போட்டிகள் வகுக்கப்பட்டன. குண்டுவீச்சு அபாயமுள்ள நகரங்களில் தொடக்கத்தில் 8,000 பேருக்கு மேல் கூடலாகாது என்பது விதி. வீரருக்கு ஆட்டமொன்றுக்கு 30 சிலிங். எந்த முகாமில் இருக்கிறாரோ அதற்கு அண்மையிலுள்ள கழகத்துக்கு ‘விருந்தினராக’ ஆடலாம். சனிக்கிழமை மைதானத்துக்கு வந்து சேர்பவர்கள் யார் யார் என்பது சில வேளை கழகத்தாருக்கே தெரியாது. பனியில் நின்ற பாட்ரம் 1944இல் தமது சார்ள்டனுக்காக யுத்தகாலக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் வெம்பிளியில் நின்றார். மறு ஆண்டு அதே இடத்தில் மில்வோல் கழகத்தின் விருந்தினராக நின்றார். 1941 மார்ச் மாதம் ஜேர்மன் குண்டுகள் மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்தின் ஓல்ட் டிரபர்ட் மைதானத்தைச் சிதைத்தன. வீடிழந்த அயலவருக்குச் சிட்டி தன் மேய்ன் றோட் மைதானத்திலே இடங்கொடுத்தது. 1949 வரை பரம வைரிகள் இருவர் ஒரே முற்றத்தில் குடியிருந்தார்கள்.

இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் வேல்சும் தமக்குள் சர்வதேச ஆட்டங்களையும் நடத்தின. அவற்றிலேதான் ஸ்விப்டின் முறை வந்தது. மொத்தம் 14 முறை அவர் யுத்தகால இங்கிலாந்து அணியின் கோலில் நின்றார். 1943 ஒக்டோபர் 16ஆம் நாள் அவருடைய சொந்த மைதானமான மேய்ன் றோட்டில் இங்கிலாந்து ஸ்கொட்லாந்தை எட்டுக்கு ஒன்றுமில்லை என்று வென்றது. டொமி லோட்டன் நான்கு கோல். ஸ்டான்லி மத்தியூஸ் வலது ஓரத்திலே ஒரு மந்திரவாதி. அந்நாட்டவர் ஆடிய மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று எனப் பலரும் புகழ்ந்தனர். எதிர்க் கோலிலே எட்டு விழும் நாளில் இந்தக் கோலிலே நிற்பவருக்கு என்ன வேலை? கைகட்டி நின்று பார்த்திருப்பார்.

சர்வதேச ஆட்டம் ஆடும் வீரருக்கு இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் ஒரு தொப்பி வழங்கும். ஒருவர் எத்தனை தொப்பி பெற்றார் என்பதே அவர் தரத்தின் அளவுகோல். யுத்தகால ஆட்டங்களுக்குத் தொப்பி இல்லை. அவை அதிகாரபூர்வமானவை அல்லவாம். ஆயிரமாயிரம் பேர் பார்த்தது உண்மை. ஆடியவர்கள் நாட்டின் தலைசிறந்த பதினொருவர் என்பதும் உண்மை. ஆனாலும் எண்ணிக்கையிலே சேரா. லீக்கின் கணக்கும் இவ்வாறே. ஏழு பருவங்கள், பருவமொன்றுக்கு 42 ஆட்டம். பெருக்கிப் பார்த்தால் 294. தம் வாழ்நாள் முழுவதிலும் ஸ்விப்ட் சிட்டிக்காக ஆடிய லீக் ஆட்டங்கள் 338. எழுதப்பட்ட பக்கத்துக்கு ஏறக்குறையச் சமமான ஒரு பக்கம் எழுதப்படாமலே போயிற்று.

சங்கத்தாரின் நியாயம் எனக்கு விளங்காமலில்லை. அணிகள் அரைகுறை, பயிற்சி இல்லை, அன்றன்றைய நிலைமைக்கேற்ப ஆள் சேர்த்த ஆட்டங்கள். அவற்றை எப்படி மற்றவற்றோடு சேர்ப்பது? ஆயினும் இந்த நியாயம் என் மனத்துக்கு ஒப்பவில்லை. ஆறாண்டுக் காலம் நாட்டு மக்களின் சோர்வை நீக்க ஆடுங்கள் என்று கேட்டவர்கள், ஆடி முடித்ததும், நீங்கள் ஆடியது ஆட்டமல்ல என்று சொல்வது என்ன முறை?

1945இன் வசந்தத்தில் பஸ்பியின் பொறுப்பில் பிரித்தானியப் படையின் உதைபந்தாட்ட அணி ஒன்று இத்தாலி சென்று, அங்கே நிலைகொண்டிருந்த படைவீரர்களுக்காக ஆடியது. ஸ்விப்டும் அதில் இருந்தார். அந்நாட்டுக்கு அவர் மீண்டும் ஒரு முறை போவார்; அப்போது வேறு கோலத்தில்.

யுத்தம் முடிந்தது. மூத்தவரான வூட்லிக்குக் கதை முடிந்துவிட்டது என்றே எல்லாரும் எண்ணினர். அவர் பாத் நகரத்துச் சிறு கழகம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். 1946இல் டேர்பி கவுண்டியின் காப்பாளர்கள் காயமுற, ஆளில்லாத குறைக்கு அவரை அழைத்தார்கள். வந்தவர் வெம்பிளி வரை சென்று சங்கக் கிண்ணத்தையே வென்றுவிட்டார். அன்று எதிர்க் கோலில் நின்று நான்கு கோல்களை விட்டவர் நம் பாட்ரம். அவர் மறு ஆண்டு அதே கிண்ணத்தை வென்றார். ஆனால் அதிகாரபூர்வமான தொப்பி ஒன்றேனும் அவருக்கு வாழ்நாளில் கிடைக்கவேயில்லை.

ஸ்விப்டுக்குக் கிடைத்தது. 1946 செப்டெம்பர் 28ஆம் நாள் பெல்பாஸ்ட் நகரில், இங்கிலாந்தின் யுத்தத்துக்குப் பிந்திய முதலாவது அதிகாரபூர்வ ஆட்டத்தில், 32 வயதில் அவருடைய முதலாவது தொப்பி. இங்கிலாந்து ஏழுக்கு இரண்டு என்று வென்றது. அந்தப் பருவத்திலேயே சிட்டி இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று மேலே ஏறிற்று. 1947 மே மாதம் லிஸ்பனில் போர்த்துக்கலைப் பத்துக் கோல்களால் வென்ற அணியிலும் அவரே காப்பாளர். 1948 வசந்தத்தில் கிளாஸ்கோவில் ஸ்கொட்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் மோதி விலா எலும்பு முறிந்தது. அக்காலத்தில் மாற்று வீரர் இறங்கும் விதி கிடையாது. முறிந்த விலாவுடனே இறுதி வரை நின்றார். ஒரு கோலும் விடவில்லை.

இவற்றுக்கெல்லாம் சிகரம் 1948 மே 16. இடம், இத்தாலியின் தூரின் நகரம். 1934லும் 1938லும் உலகக் கிண்ணத்தை வென்ற நாடு இத்தாலி. தூரின் நகரக் கழகத்தின் மாபெரும் வீரர்கள் பலர் அந்த அணியிலே நிறைந்திருந்தார்கள்; வலென்டினோ மட்சோலா அவர்களுள் முதன்மையானவர். இங்கிலாந்தின் வழக்கமான தலைவர் காயமுற்றிருந்தார். தலைமை ஸ்விப்டுக்கு வந்தது. கோல் காப்பாளர் ஒருவர் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கியது 1873இன் பின் அதுவே முதன்முறை.

நாலாவது நிமிடத்தில் மோட்டென்சன் கோல் எல்லைக் கோட்டருகே நெருங்கிய கோணத்திலிருந்து அடித்த பந்து யாரும் எதிர்பாராமல் உள்ளே போயிற்று. அதன்பின் இத்தாலியர் அலையலையாக வந்தனர். சொந்த மண்ணின் ஆர்ப்பரிப்பு அவர்களுக்குப் பின்னால். அந்த நேரத்தில் ஸ்விப்ட் தடுத்த பந்துகள்தாம் ஆட்டத்தைக் காத்தன. லோட்டன் இரண்டாவதைப் போட்டார். இரண்டாம் பாதியிலே டொம் பின்னி அடுத்தடுத்து இரண்டு. நான்குக்கு ஒன்றுமில்லை. இருபது வயதில் வெற்றிக் களிப்பைத் தாங்காது மயங்கி விழுந்தவர், முப்பத்து நாலில் தலைவராக நிமிர்ந்து நடந்து வெளியே வந்தார். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி இது: ஏழாண்டுகள் பறிபோகாதிருந்தால் இவர் இன்னும் உயர்ந்திருப்பாரா? அல்லது அந்த ஏழாண்டுகளின் பொறுமையே இந்த ஆட்டத்தை அவருக்குத் தந்ததா? பரீட்சையில் இப்படி ஒரு வினா வந்தால் இரண்டு விடைக்கும் நான் புள்ளி தருவேன்.

மறுபக்கத்துக் கோலில் அன்று நின்றவர் வலேரியோ பசிகலுப்போ என்ற இளைஞர், வயது 24. அடுத்த ஆண்டு மே 4ஆம் நாள், லிஸ்பனில் ஆடிவிட்டுத் திரும்பிய தூரின் கழகத்தின் விமானம், நகரை அண்டிய சுப்பர்கா மலையிலே மோதிற்று. மட்சோலாவும் பசிகலுப்போவும் உட்பட 31 பேரும் மாண்டனர்.

அதே மாதத்தில் நோர்வேக்கு எதிராக ஆடியது ஸ்விப்டின் கடைசிச் சர்வதேச ஆட்டம். எண்ணிப் பார்த்தால் அவர் பெற்ற தொப்பிகளும் 19. யுத்தத்துக்கு முன் வூட்லிக்கு 19, யுத்தத்தின் பின் ஸ்விப்டுக்கு 19. தராசிலே நிறுத்தாற்போல் இருக்கிறது. நடுவிலே நின்ற அந்தப் பதினான்கைத்தான் எந்தத் தட்டிலும் காணோம்.

அவர் விட்டுச்சென்ற இடத்துக்குச் சிட்டி யாரைக் கொண்டுவந்தது தெரியுமா? ஒரு ஜேர்மானியரை! பிறேமனில் பிறந்த பேர்ட் டிரவுட்மான், ஹிட்லரின் பரசூட் படையிலே போரிட்டு, பிரித்தானியரிடம் சிறைப்பட்டு, லங்காஷயரின் கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டவர். அந்த முகாமில் ஆடும்போது காயமுற்றதால் கோலிலே போய் நின்றவர், அங்கேயே நிலைத்துவிட்டார். ஒரு காப்பாளரின் ஏழாண்டுகளைத் தின்ற யுத்தம் இன்னொரு காப்பாளரை உண்டாக்கியிருக்கிறது. 1949 ஒக்டோபரில் சிட்டி அவரை ஒப்பந்தஞ் செய்தபோது மன்செஸ்டர் கொதித்தெழுந்தது. குண்டுவீச்சிலே வீடிழந்தவர்களும், உறவினரை வதைமுகாம்களிலே பறிகொடுத்த யூதரும் வாழ்ந்த நகரம் அது. ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கினர். அவ்வேளையில் அந்நகரத்து யூதர்களின் மதகுரு அலெக்சாண்டர் அல்ட்மான், தாமே நாசிகளிடமிருந்து தப்பி வந்தவர், ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஒரு நாடு செய்த பாவத்துக்காக ஒரு மனிதனைத் தண்டிக்க வேண்டாம், அவனை அவனாகவே பார்த்து முடிவு செய்யுங்கள் என்பது அதன் சாரம். அணியின் தலைவரும் நோமண்டியிலே ஜேர்மானியரை எதிர்த்துப் போரிட்டவருமான எரிக் வெஸ்ட்வூட், இந்த உடைமாற்றும் அறைக்குள்ளே யுத்தம் கிடையாது என்று சொல்லி அவரை வரவேற்றார். 1956ஆம் ஆண்டுக் கிண்ண இறுதியில் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் கோலை விட்டகலாது நின்று வெற்றி தேடித்தந்தவர் இந்த டிரவுட்மான்தான். அவருடைய கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

ஸ்விப்ட் பின்னர் பத்திரிகையாளரானார். 2011 வரை வெளிவந்த ‘நியூஸ் ஒவ் த வேர்ல்ட்’ என்ற ஞாயிறு இதழுக்கு உதைபந்தாட்டம் பற்றி எழுதினார். வெம்பிளியில் அவருக்கு முன்னே ஆடிய பஸ்பி, இப்போது அயற் கழகமான மன்செஸ்டர் யுனைட்டட்டின் முகாமையாளர். குண்டு வீழ்ந்த மைதானத்திலிருந்து அவர் உருவாக்கிய இளைஞர் அணி ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றிருந்தது. 1958 பெப்ரவரி 5ஆம் நாள் அந்த அணி பெல்கிரேட் நகரில் ஆடியது. ஸ்விப்ட் தம் இதழுக்காக உடன் சென்றிருந்தார். மறு நாள் திரும்பும் வழியில் விமானம் எரிபொருள் நிரப்ப மியூனிக் நகரில் இறங்கிற்று. ஓடுபாதையில் பனிக்கூழ். இருமுறை எழ முயன்று எழவில்லை. மூன்றாம் முறை ஓடுபாதையையும் கடந்து வேலியை உடைத்துக்கொண்டு சிதறியது. இறந்தோர் 23. அவர்களுள் வீரர்கள் எட்டுப் பேர். பத்திரிகையாளர்களும் எட்டுப் பேர். ஸ்விப்ட் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் நீத்தார். வயது 44. படுகாயமுற்ற பஸ்பி பிழைத்துக்கொண்டார். யுத்தம் விட்டுவைத்தவரைப் பனி கொண்டுபோயிற்று. தூரினில் எதிரெதிரே கோல் காத்த இருவருக்கும் விமானத்திலேதான் முடிவு என்று எழுதியிருந்தது போலும்.

விபத்து நடந்து பதின்மூன்றாம் நாள், பெப்ரவரி 19ஆம் திகதி, யுனைட்டட் ஒரு கிண்ண ஆட்டத்தில் இறங்கியே ஆகவேண்டியிருந்தது. எவர் ஆடப்போகிறார் என்பது அச்சகத்துக்குத் தெரியாது. ஆகவே அன்றைய நிகழ்ச்சித் தாளில் ஷெபீல்ட் வெனஸ்டே அணியின் பெயர்களை மட்டும் அச்சிட்டு, யுனைட்டட்டின் பதினொரு இடங்களையும் வெறுமையாக விட்டிருந்தார்கள். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, மைதானம் நிறைந்திருந்த சனங்கள் தத்தம் தாளிலே எழுதிக்கொண்டார்கள். முதலாம் இலக்கத்துக்கு நேரே எழுதப்பட்டது ஹரி கிரெக் என்ற பெயர். மியூனிக்கில் எரியும் விமானத்துக்குள்ளே திரும்பத் திரும்பப் புகுந்து ஆட்களை வெளியே இழுத்து வந்த கோல் காப்பாளர்.